இழுக்காமப் புடிக்க ஒரு ஆளு

மேல் ஊட்டைப் பாத்துட்டீங்களா தம்பி? காத்து நல்லா வரும். சமையக்கட்டு ஜன்னல்ல நின்னா மருதமலை தெரியும், மேகம் இல்லாத நாளாப் பாத்து நிக்கணும், அவ்வளவுதான். தண்ணிங்களா? தண்ணிக்கு என்னங்க, போர் தண்ணி எந்நேரமும் வரும். குடிக்கற சிறுவாணித் தண்ணி என்னைக்கு விடறாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. அதெல்லாம் என்ற ஊட்டுக்காரி பாத்துக்குவா. எந்த நாளு, எந்த வால்வைத் திருப்புனா மேல ஏறும், எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அவ ஊருக்குப் போயிருக்கறாளுங்க. அதுவரைக்கும் நான் உப்புத் தண்ணியவே குடிச்சுக்கறன். ஒண்ணும் பண்ணலை பாருங்க, நல்லாத்தான இருக்கறன்?

வாடகை கெடக்குது, அதை அப்புறம் பேசிக்கலாம். உங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவுதானுங்களே? கைவலி, மூட்டுவலி ஒண்ணும் இல்லையே? இல்லீங்க, சும்மா கேட்டன். இப்படி வாங்க, ஷெட்டை ஒருக்கா பாத்துட்டுப் போயிருங்க. கார் ஷெட்டுதான், ஆனா கார் எப்பவும் இருந்ததில்லை. செருப்பைக் கழட்டாதீங்க, மரச் செராம்பு கெடக்குது, குத்தும்.

இதுதானுங்க பேண்ட் சா. மர மில்லுல பெருசாப் பாத்திருப்பீங்க, இது அதோட குட்டி. மேல ஒரு சக்கரம், கீழ ஒரு சக்கரம், ரெண்டையும் சுத்தி நாடாவாட்ட ஒரு பிளேடு. பழைய மிஷினை எடைக்குப் போட வந்தாங்க, நான் எடுத்து, ஷாஃப்டை நானே கடைஞ்சு, பேரிங்கு புதுசு போட்டன். மோட்டார் கம்பெனியில லேத்து ஓட்டி ரிட்டையர் ஆனவனுங்க நான். நாச்சிமுத்துன்னா இந்த வீதியில எல்லாத்துக்கும் தெரியும். கொஞ்சம் கோவக்காரன்னும் சொல்லுவாங்க. அதை நீங்க எடுத்துக்க வேண்டாம், சத்தமாப் பேசுனா கோவம்னு நெனைச்சுக்கறாங்க. லேத்துக்குப் பக்கத்துல காலம் பூரா நின்னவன் வேற எப்படிங்க பேசுவான்?

இந்த மிஷின்ல நான் நெம்பப் பண்ற சோலி என்னன்னா, தடிப்பலகையை நெட்டுக்கு நிறுத்தி ரெண்டாப் பொளக்கறது. ரெண்டு வெரக்கடைத் தடிமன் இருக்கற பலகைன்னு வெச்சுக்குங்க. அதை அப்படியே வெச்சுக் கதவு பண்ணுனா கனம் தாங்காது, கீலு புடுங்கிட்டு வந்துரும். பொளந்தீங்கன்னா ரெண்டு பலகை. அதுவும் எப்படி, இந்தப் பக்கம் இருக்கற ரேகை அப்படியே அந்தப் பக்கமும் இருக்கும். புஸ்தகத்தைத் தொறந்த மாதிரி. பீரோவுக்கு ரெண்டு கதவும் ஜோடியா அமைஞ்சிரும்.

ஆனா வெளையாட்டு இல்லீங்க. பலகை நெட்டுக்கு நிக்குது, பிளேடு முழு ஒசரத்துக்கும் வெளிய தெரியுது. பெரிய பல்லுப் பிளேடு போடணும், நல்லா இறுக்கணும். பக்கத்துல இந்தத் தடுப்பு ஒசரமா இருக்கணும், இல்லைன்னா பலகை சாஞ்சிரும். கையுறை போடக் கூடாது, மாட்டுச்சுன்னா கையோட சேத்து இழுத்துரும். கடைசி ஒரு சாண் வர்றப்பக் கையை எடுத்துட்டு இந்தத் தள்ளுக்கட்டையில தள்ளணும். பிளேடு எங்க வெளிய வரும்னு மரத்துக்குள்ள தெரியாது பாருங்க. பாதியில மரம் பிளேடைக் கவ்வுச்சுன்னா மோட்டாரை நிறுத்தி, சக்கரம் நின்னப்புறம் பிளேடு அறுத்த வெட்டு வாயில ஆப்பு வெக்கணும். ஓடறப்பவே பலகையைப் பின்னால வாங்குனா பிளேடு சக்கரத்தை விட்டுக் கழண்டுரும். அவசரப்படக் கூடாது. பிளேடு அறுக்கும், நாம குடுக்கறது மட்டும்தான்.

எல்லாத்துக்கும் மேல, பின்னாடி ஒரு ஆளு வேணும். அறுத்து வர்ற பலகை தொங்காம ஏந்திக்கறதுக்கு. ஏந்தறது மட்டும்தானுங்க. இழுக்கக் கூடாது. தள்றவன் ஒருத்தன்தான், பின்னாடி இருக்கற ஆளு கனத்தை மட்டும் வாங்கிக்கணும். ரெண்டு பேரும் ஆளுக்கொரு வேகம் போனா பிளேடு வளையும், பலகை கோணலாயிரும். இது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. ஆனா மனுசங்களுக்கு இதுதான் வர மாட்டேங்குது. கையில ஒரு பொருள் வந்துதுன்னா இழுத்துப்போடறாங்க.

என்ற ஊட்டுக்காரி மயிலாத்தாதான் பின்னாடி நிப்பா. முந்தானையை இறுக்கிச் சொருகி, அதுக்கு மேல என்ற பழைய சட்டை ஒண்ணைப் போட்டுக்குவா, சீலை பறக்கக் கூடாதுன்னு. தலையை அள்ளி முடிஞ்சுக்குவா. அந்த ஆணியில தொங்குது பாருங்க, அந்தச் சட்டைதான். நல்லாத்தான் ஏந்துவா, குறை சொல்லக் கூடாது. ஒரு வழக்கம் வெச்சிருந்தா. பலகை கடைசியில ரெண்டாத் தொறக்கும் பாருங்க, பின்னாடி நிக்கறவங்களுக்குத்தான் அது முதல்ல தெரியும். ரெண்டையும் விரிச்சுப் பாத்து, இது ஆந்தைங்க, இது பொம்பளை தலை சீவறாங்க, இது வாய்க்கால்ல தண்ணி போகுதுங்கன்னு எதையாவது சொல்லுவா. எனக்கு ஒண்ணும் தெரியாது. மரம்தான தெரியும்? மரம்தான்டி தெரியுதும்பன். உங்களுக்கு எப்பவும் அதுதான் தெரியும்பா.

இருங்க, உக்காருங்க. அந்த ஸ்டூலைப் போட்டுக்குங்க. பஸ்ஸுதான, எந்நேரமும் வரும்.

போன வருசம் மயிலாத்தாவோட அப்பாரு தோட்டத்துல கெணத்து மேட்டு வாகை மரம் காத்துல சாஞ்சிருந்துதுங்க. இல்லை, போன வருசம் இல்லை, அது அதுக்கு முன்னாடி. சாஞ்சு, மில்லுல தடிப்பலகையா அறுத்து, இங்க கொண்டாந்து நெழல்ல அடுக்கிக் காய வெச்சதே நெம்ப நாளாச்சு. அவதான் அப்பப்பத் திருப்பிப் போடுவா. சின்னப் புள்ளையில அந்த மரத்துல ஊஞ்சல் கட்டி ஆடுவாளாமா. தோட்டம் பூரா அவ தம்பி துரைசாமிக்குப் போச்சு, இவ ஒண்ணுமே கேக்கலை. மரம் சாஞ்சப்ப மட்டும், அது எனக்கு வேணும்னு கேட்டு வாங்குனா. எதுக்குடின்னன். ஒரு பீரோ பண்ணிக் குடுங்க, கதவு ரெண்டும் அந்த மரத்துல இருக்கோணும்னா. சரின்னு ஒத்துக்கிட்டன். நான் எதையாவது மாட்டேன்னு சொல்லியிருக்கறனா? நீங்களே சொல்லுங்க. சரி, உங்களுக்கு எப்படித் தெரியும்.

போன ஆடியில ஒரு ஞாயித்துக்கெழமை அறுக்கலாம்னு முடிவு. அவ தம்பியும் தம்பி பொண்டாட்டியும் பாக்கறதுக்குன்னே வந்திருந்தாங்க. இவ பணியாரம் சுட்டா. காத்தால இருந்தே ஒரு எடத்துல நிக்கலை. மிஷினைப் போட்டன். வாகை நல்ல மரம்ங்க, கறுப்பும் பழுப்புமா, வாசம் மூக்கைத் தொளைக்கும். கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்துக்கிட்டே போறன். முக்காவாசி போயாச்சு. திடீர்னு பலகை என்ற கையை விட்டு முன்னால போகுது. பாத்தா, இவ இழுக்கறா! எட்டி எட்டி வெட்டு வாய்க்குள்ள பாத்துக்கிட்டே இழுக்கறா. இத்தனை வருசம் ஏந்துனவ, அன்னைக்குன்னு பாத்து இழுக்கறா. அப்படி என்னங்க அவசரம்? இன்னும் ரெண்டு சாண், தானாத் தொறந்திருக்கும். மரம் எங்கயாவது ஓடியா போகுது? நானும் இன்னைக்கு வரைக்கும் யோசிச்சுப் பாக்கறன், புடிபடலை.

கத்துனன். கத்தாம என்னங்க பண்றது, மிஷின் சத்தத்துல? “மாடாட்ட இழுக்கறயே, அறிவிருக்குதா”ன்னு கேட்டன். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு சொல்லு இல்லை.

சட்டுனு விட்டுட்டாளுங்க. ரெண்டு கையையும் எடுத்துட்டா. பலகை அந்தப் பக்கம் தொங்குது, வெட்டு வாய் முறுக்கிக்கிச்சு, பிளேடைக் கவ்வி, டமார்னு பிளேடு சக்கரத்தை விட்டுக் கழண்டு மூடிக்குள்ள அடிச்சுது. தம்பி பொண்டாட்டி வீல்னு கத்தறா. நல்ல வேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அதுக்கும் நான் என்ன சொன்னன்? இழுத்தது ஒரு தப்பு, விட்டது அதைவிடப் பெரிய தப்புன்னு சொன்னன். இதுல தப்பா ஏதாச்சும் இருக்குதுங்களா? எந்த மிஷின்காரனை வேணாலும் கேட்டுப் பாருங்க. அவ அந்தச் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டுனா. உள்ள போய்க் கையைக் கழுவி, எல்லாத்துக்கும் பணியாரம் எடுத்து வெச்சா. எனக்கும் வெச்சா.

மறுநாள் அவ தம்பியோட ஊருக்குக் கெளம்பிட்டா. ஆடிக்கு அம்மா ஊட்டுக்குப் போக இவ என்ன புதுப் பொண்ணா? எத்தனை நாளைக்குன்னு கேட்டன். தெரியாதுங்கன்னா. பின்னாடி புடிக்க ஆளு வேணுமேன்னன். “எனக்குப் பதிலா ஒரு கட்டையை நட்டு வெச்சுக்குங்க”ன்னு சொல்லிட்டு ஆட்டோவுல ஏறிட்டா. ஆடி போச்சு, தீவாளி போச்சு, பொங்கலும் போச்சு. பெங்களூருல இருக்கற எங்க பொம்பளப் புள்ள ஃபோன் பண்ணிப் பண்ணிச் சொல்றா, அப்பா, ஒரு வார்த்தை நீங்க கூப்பிட்டாப் போதும்னு. நான் எதுக்குங்க கூப்பிடணும்? பலகையை விட்டது யாரு?

இந்தா பாருங்க, இதுதான் நான் பண்ணுன ஸ்டாண்டு. அவதான கட்டையை நடச் சொன்னா, பண்ணிட்டன். கீழ மூணு காலு, மேல உருளை, பேரிங்கு போட்டது. வெரலை வெச்சுத் தள்ளுங்க, எப்படிச் சுத்துது பாத்தீங்களா? கொஞ்சமும் ஆடாது. ஒசரத்துக்கு அளவு கூட எடுக்கலீங்க, கை தானா அந்த ஒசரத்துல நின்னுருச்சு. அவ இடுப்பு ஒசரம். இது இழுக்காது, விடாது, மொகத்தைத் தூக்கி வெச்சுக்காது. வேம்பு அறுத்திருக்கறன், தேக்கு அறுத்திருக்கறன், நூலு புடிச்ச மாதிரி வந்துது. சுளுவா நடக்குது. நான் செஞ்ச சாமான்ல இதுவரைக்கும் ஒண்ணைக் கூட சரியில்லைன்னு ஒருத்தன் சொன்னதில்லை தம்பி, கம்பெனியிலயே கேட்டுப் பாருங்க.

ஒரே ஒரு எடைஞ்சல். பலகை தொறக்கறப்ப ரெண்டும் அந்தப் பக்கம் விழுந்துருது. நான் சுத்திப் போய் எடுத்து விரிச்சுப் பாப்பன். திருப்பித் திருப்பிப் பாப்பன். ஒண்ணும் தெரிய மாட்டேங்குதுங்க. போன மாசம் ஒரு தேக்கை விரிச்சு வெச்சுக்கிட்டு ரெண்டு டீ குடிக்கற நேரம் பாத்தன். ஆந்தையா, குருவியா, ஒண்ணும் இல்லை. மரம்தான் தெரியுது. சரின்னு மிஷினை நிறுத்துனா, ஊடு நெம்பப் பெருசாத் தெரியுதுங்க. மிஷின் ஓடற வரைக்கும் தெரியறதில்லை. நிறுத்துனாத்தான்.

அந்த வாகைப் பலகையா? அது அந்தா, செவுத்துல சாச்சிருக்கறதுதான். தொடாதீங்க, மெதுவா. முக்காவாசி பொளந்து நிக்குது பாத்தீங்களா? மழைக்காலத்துல ஈரத்தை இழுத்துட்டு வெட்டு வாய் மூடிக்கும்னு ஆப்பு அடிச்சு வெச்சிருக்கறன். மாசத்துக்கு ஒருக்கா எடுத்துத் தொடைச்சு, திரும்ப அடிச்சு வெப்பன்.

அதுக்குத்தானுங்க, மேல குடி வர்றவங்ககிட்ட இதைக் கேக்கறது. மறைச்சு என்ன பண்றது, சொல்லிடறன். ஒரே ஒரு ஞாயித்துக்கெழமை, அரை மணி நேரம், பின்னாடி நின்னு ஏந்தணும். வாடகைக்குன்னு போர்டு மாட்டி எத்தனையோ பேரு வந்து பாத்துட்டுப் போயாச்சு. ஒருத்தரு நைட்டு டூட்டிக்காரரு, பகல்ல தூங்கி வழியறாரு, அவரை எப்படி மிஷின்கிட்ட நிறுத்தறது? ஒரு பையன் சாஃப்ட்வேர், கம்ப்யூட்டர் தட்டித் தட்டி மணிக்கட்டு போச்சுன்னான். ஒருத்தரு எல்லாம் பேசி முடிச்சுட்டு, ஷெட்டைப் பாத்துட்டு, போன் பண்றேன்னு போனவருதான். நீங்க ஆளு நல்லா இருக்கறீங்க. பொறுமையாவும் கேக்கறீங்க.

எந்திரிங்க, ஒருக்காப் பழகிப் பாத்துருவம். மிஷின் போட மாட்டன், பயப்படாதீங்க, பிளக்கையே புடுங்கிட்டன் பாருங்க. இந்த வேப்பம் பலகையை பிளேடுக்குப் பக்கத்துல சும்மா தள்ளிப் பாக்கலாம். நீங்க பின்னாடி போங்க. ஊடால நிக்காதீங்க, பிளேடுக்கு நேரா நிக்காம சித்தெ தள்ளி. சட்டைக் கையை மடிச்சுக்குங்க. அதுக்கு மேல வேணும்னா இந்தச் சட்டையை… இல்லீங்க, இது வேண்டாம். இது ஆணியிலயே இருக்கட்டும். நான் வேற எடுத்தாறேன் அன்னைக்கு.

ம், நான் தள்றன். நீங்க அடியில கையை வெச்சு ஏந்துங்க. அப்படித்தான். அப்படித்தான். இழுக்காதீங்க. இழுக்கறீங்க தம்பி. கனத்தை மட்டும் வாங்குங்க. திரும்ப வாங்க, முதல்ல இருந்து. தள்றன். ஏந்துங்க. இழுக்காதீங்கன்னு சொல்றனில்ல! அறிவு… இல்லீங்க, இல்லீங்க. ஒண்ணும் சொல்லலை. சத்தமாச் சொல்லிட்டனா? மிஷின் ஓடற ஞாபகத்துல வந்துருச்சு. கையை எடுத்துட்டீங்களே. சரி, கீழ வெச்சுருங்க. கீழ வெச்சுட்டு உக்காருங்க.

தண்ணி குடிக்கறீங்களா? உப்புத் தண்ணிதான் இருக்குது.

என்னங்க? ஸ்டாண்டா? ஆமா, வேம்பு, தேக்கெல்லாம் அதுல வெச்சுத்தான் அறுத்தன். நூலு புடிச்ச மாதிரின்னு சொன்னனே. அதுலயே இந்த வாகையையும் வெச்சு…

ஆமாங்க. வெக்கலாம். வெச்சா அறுக்கும்.

அறுக்கும்ங்க. அரை மணி நேரம் கூட ஆகாது. பிளேடு புதுசு போட்டிருக்கறன். ஆப்பை எடுத்துட்டு, பிளேடை வெட்டு வாய்க்குள்ள விட்டுட்டு, மிஷினைப் போட்டாப் போயிட்டே இருக்கும். தொறந்து அந்தப் பக்கம் விழும். விழுந்தா நான் சுத்திப் போய் எடுக்கணும். எடுத்து விரிச்சுப் பாக்கணும். அது அவங்க அப்பாரு ஊட்டு மரம்ங்க. எனக்கு அதுல என்ன தெரியும்?

கெடக்குது விடுங்க. நீங்க தண்ணியைப் பத்திக் கேட்டீங்கள்ல, அதுதான் முக்கியம். கொழந்தை இருக்குதுங்கறீங்க. கொழந்தைக்கு உப்புத் தண்ணி ஆகாது. ஒண்ணு பண்ணலாம். நம்பர் தர்றன், நீங்களே அவளைக் கூப்பிட்டுக் கேட்டுருங்க. மேல ஊடு பாக்க வந்திருக்கறேன், சிறுவாணித் தண்ணி எப்ப வருங்கன்னு. கேட்டாச் சொல்லுவா, அதெல்லாம் நல்லாப் பேசுவா. நான் இங்க நிக்கறன்னு சொல்ல வேண்டாம். இப்பவே போடுங்க. மத்தியானச் சோறு ஆயிருக்கும், சும்மாத்தான் இருப்பா. நம்பரா, எனக்கு மனப்பாடம்தான், அடிங்க.

போகுதுங்களா? மணி அடிக்குதுங்களா? ஸ்பீக்கர் வேண்டாம், வேண்டாம்.

எடுத்துட்டாளா? கேளுங்க, தண்ணி கேளுங்க.

செவ்வாயும் வெள்ளியுமா? பின்னாடி வால்வா? நான் முன்னாடி வால்வையில்ல திருப்பிப் பாத்துட்டு விட்டுட்டன். சரி, சரி. அவ கொரலு எப்படிங்க இருக்குது? சளி கிளி புடிச்சாப்பல இருக்குதா? அதைக் கேக்காதீங்க, சும்மா சொன்னன்.

என்ன கேக்கறா? அவரு எந்தத் தண்ணி குடிக்கறாருன்னா? நல்ல தண்ணிதான் குடிக்கறாருன்னு சொல்லுங்க. வேண்டாம், நம்ப மாட்டா. இருக்கறதையே சொல்லிருங்க.

இப்ப என்ன சொல்றா? சத்தமாச் சொல்லுங்க தம்பி, இந்தக் காது சித்தெ மந்தம். பலகையா? அந்தப் பலகை அறுத்தாச்சான்னு கேக்கறாளா? அவளாவே கேக்கறாளா?

இல்லைன்னு சொல்லுங்க. அப்படியே நிக்குதுன்னு சொல்லுங்க. ஆப்பு வெச்சிருக்குது, மூடிக்கலைன்னு சொல்லுங்க.

ம்? அவரு ஸ்டாண்டு பண்ணியிருக்கறாருன்னு புள்ள சொன்னாளாமா? அதுல வெச்சு அறுத்துக்க வேண்டியதுதானங்கறாளா?

ஸ்டாண்டு சரியில்லைன்னு சொல்லுங்க தம்பி.